அறுபத்தெட்டு இல்லாத பட்டியல்

புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்குத் திரையின் ஓரத்தில் அந்தச் செய்தி வந்து விழுந்தபோது, அவள் ஒருவருடைய ஃப்ரிட்ஜைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"பின்பக்கம் கையை வச்சுப் பாருங்க சார். லேசான சூடா, தொட முடியாத சூடா?"

"லேசாத்தாம்மா இருக்கு."

"அப்போ உயிர் இருக்கு. பயப்படாதீங்க."

சொல்லிக்கொண்டே செய்தியைப் படித்தாள். அவளுக்குத்தான் உயிர் போயிற்று.

'வரும் திங்கள் காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் நேரில் ஆபீஸ் வர வேண்டும். ஒப்பந்தப் புதுப்பிப்பு இந்த முறை நேரில்தான். ஃப்ரிட்ஜ் கம்பெனியிலிருந்து பெரிய தலை ஒருவர் வருகிறார். அவர் முதலில் பார்க்க ஆசைப்படுவது நம்ம தேனுவை!' கடைசியில் வழக்கம்போல ஒரு ராக்கெட் படம்.

தேனு அவள்தான். அந்தக் குரலுக்கு ஆபீஸ் வைத்த பெயர்.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்று பாகாய்ச் சொல்லிவிட்டு ஹோல்டு பொத்தானை அமுக்கினாள். அடுத்த நொடி வீடு அதிர்ந்தது.

"என்னங்க! மோசம் போயிட்டோம்! நேர்ல வரச் சொல்லிட்டாங்க!"

கணவர் சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்பட மாட்டார், சமையலுக்குக்கூட.

"யாரை? உன்னையா, இல்ல அவங்க நினைச்சிட்டிருக்கிற உன்னையா?"

கேள்வி சரியானது. ஆபீஸ் பதிவில் தேனுவுக்கு வயது முப்பத்தொன்று. கழுத்தில் ஹெட்செட்டோடு, ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு ஐம்பத்தேழு.

*

இந்த இருபத்தாறு வருஷ வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். எந்த டாக்டர் எந்த மாடி, எந்த நோயாளிக்கு எந்தப் பயம், எல்லாம் அத்துப்படி. ஐம்பத்து மூன்றாவது வயதில் புதிதாக வந்த நிர்வாகி கூப்பிட்டு, "அது முன்னாடி உக்கார்ற இடம் மேடம். கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா ஒரு முகம் இருந்தா நல்லா இருக்கும்" என்றார். பூங்கொத்து கொடுத்தார்கள். பூ மட்டும் ஃப்ரெஷ்ஷாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஏறி இறங்கிய படிகளில் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு இடத்தில் அனுபவம் அதிகம் என்றார்கள். இன்னொரு இடத்தில் கம்ப்யூட்டர் பழகக் கஷ்டமாக இருக்குமே என்று, அவள் தட்டச்சு செய்வதைப் பார்க்காமலே, பரிதாபப்பட்டார்கள். ஒரு பெண் மட்டும் வாய் தவறி உண்மையைச் சொன்னாள்: "எங்க சாரே உங்களைவிடச் சின்னவர் ஆன்ட்டி. உங்ககிட்ட எப்படி வேலை சொல்வார்?" மற்ற எல்லா இடத்திலும் ஒரே வசனம். ரெண்டு நாள்ல சொல்றோம்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மகள்தான் இந்த விளம்பரத்தைப் பிடித்தாள். வீட்டிலிருந்தே வேலை, ஃபோனில் பேச வேண்டும், அவ்வளவுதான். படிவத்தைக் கைபேசியில் நிரப்பிக்கொண்டே வந்தவள் பிறந்த வருஷத்தில் நின்றாள். அது எழுதும் கட்டம் இல்லை. கீழே இழுத்தால் வருஷங்கள் வரிசையாக வரும், ஒன்றைத் தொட வேண்டும். மகள் இழுத்தாள், இழுத்தாள். பட்டியல் எண்பத்திரண்டோடு நின்றுவிட்டது.

"மா, நீ பொறந்த வருஷமே இதுல இல்ல."

"நல்லாப் பாருடி. அறுபத்தெட்டு."

"எழுபதே இல்ல, இவ அறுபத்தெட்டுக்குப் போறா. இவங்க கணக்குல நீ இன்னும் பொறக்கவே இல்லம்மா."

படிவத்தை மூடியிருக்கலாம். மகளுக்கு வாய் மட்டுமல்ல, விரலும் துடுக்கு. சட்டென்று தன் வருஷத்தைத் தொட்டாள். பிறகு தன் புகைப்படம், தன் அடையாள அட்டை, தன் வங்கிக் கணக்கு. ஃபோனில் நடந்த நேர்காணலுக்குக் குரல் மட்டும் அம்மாவுடையது.

குரலுக்கு நரை விழவில்லை. பத்தே நிமிஷத்தில் வேலை கிடைத்தது. மூன்று வருஷம் கேமரா ரிப்பேர் என்று சொல்லியே ஓட்டியாயிற்று. இப்போது திங்கட்கிழமை என்று ஒன்று வந்து நிற்கிறது.

*

"ஆள் மாறாட்டம். இதுக்குச் சட்டத்துல ஒரு நம்பர் இருக்கு" என்றார் கணவர், ஞாயிற்றுக்கிழமை மதியம்.

"நம்பர் தெரியுமா?"

"நம்பர் தெரியாது. உள்ள போடுவாங்கன்னு தெரியும்."

"வாயை மூடிட்டுக் கஸ்டமரா நடிங்கப்பா" என்றாள் மகள். கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். திங்களுக்கு லீவு சொல்லியாயிற்று. ஒரு நாள் கூத்துதானே, போய் உட்கார்ந்து, சிரித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவள்தான் துணிந்தாள். சிக்கல் ஒன்றே ஒன்று. அவள் குரல் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருக்கும். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ஹலோ, என் ஃப்ரிட்ஜுல சத்தம் வருது" என்றார் கணவர், கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு.

"எத்தனை வருஷம் ஆச்சு சார்?"

"பன்னிரண்டு."

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க."

"அடிப்பாவி!" அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "பழசைத் தூக்கிப் போடுன்னு சொல்லவா என்னை வச்சிருக்காங்க? என்ன சத்தம்னு கேளுடி முதல்ல. கடகடன்னா கால் சமமா இல்ல. டிக் டிக்குன்னா..."

அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். இந்த வேலை போனால் அடுத்தது கிடையாது. அது அவளுக்குத் திட்டவட்டமாகத் தெரியும். ஐம்பத்து மூன்றில் கிடைக்காதது ஐம்பத்தேழிலா கிடைக்கும்? மறுபடியும் பூங்கொத்து. மறுபடியும் நாள் முழுக்கக் கணவரும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு.

"நானும் கூட வர்றேன்" என்றாள் கடைசியில். "துணைக்கு வந்த அம்மா. யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க."

*

அது மட்டும் அப்படியே நடந்தது. ஐந்தாவது மாடி. மகளுக்குக் கைகுலுக்கல், கைதட்டல், கழுத்தில் அட்டை. அம்மாவுக்கு வரவேற்பறை சோபா. எதிர்ச் சுவரில் கொட்டை எழுத்தில், 'இளமையே எங்கள் எரிபொருள்'.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரிய கூடம். இருபது முப்பது மேசைகள். சுவரில் ஒரு பலகை, காத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கையைச் சிவப்பில் காட்டியது. ஆறு. இன்னொரு சுவர் முழுக்க ஒரு வெள்ளைத் திரை.

சோபாவின் மறுமுனையில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அவர் முன்னால் குனிந்து, சிரித்த முகமாகப் பேசிக்கொண்டிருந்த பையனை அவன் குரலை வைத்தே அவள் அடையாளம் கண்டாள். மேலாளர். எந்தச் செய்தி அனுப்பினாலும் ராக்கெட் படம் போடுவதால் வீட்டில் அவனுக்குப் பெயரே ராக்கெட். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு இருக்கும்.

"உங்க அனுபவத்துக்கு இது ரொம்பச் சின்ன வேலை சார். உங்களுக்கே போர் அடிக்கும்."

"அடிச்சா அடிக்கட்டும் தம்பி. வீட்ல அதைவிட அதிகமா அடிக்குது."

ராக்கெட் சிரித்தான். "எங்க பசங்க எல்லாம் இருபத்தஞ்சு சார். நீங்க பக்கத்துல உக்காந்தா அவங்களுக்கே ஒரு கூச்சம் வந்துடும். ரெண்டு நாள்ல சொல்றோம்."

அவன் உள்ளே போனான். ஃபைல்காரர் போகவில்லை. "சொல்றதை இங்கயே உக்காந்து கேட்டுக்கிறேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு அவளைப் பார்த்து, "அறுபத்தாறுல பொறந்தது என் தப்பாம்மா? எங்க அப்பா அம்மாவைத்தான் கேக்கணும்" என்றார்.

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை. காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் மகள் நடு மேசையில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. கழுத்தில் கம்பெனி அட்டை. திரும்பிப் பார்க்காமல், மெல்லிய குரலில் கேட்டாள்.

"அந்தப் புதுத் தைலம் முட்டிக்குக் கேட்டுச்சா?"

தண்ணீர்க் கோப்பை அவள் கையில் நின்றது.

"யாரு நீங்க?"

"குவாலிட்டி. நீங்க கஸ்டமர்கிட்ட பேசறதைக் கேட்டு வாரா வாரம் மார்க் அனுப்புறது நான்தான்."

"என் பொண்ணுக்கு..."

"உங்க பொண்ணு கண்ணாடிக் கடையில வேலை செய்யுது. உங்க வீட்டுக்காரர் சாம்பாருக்கு உப்பு ரெண்டு தடவை போடுவார்." அந்தப் பெண் இப்போதுதான் திரும்பினாள். "ஹோல்டு போட்டா கஸ்டமருக்குத்தான் பாட்டு கேக்கும். உங்க பக்கம் பதிவு ஓடிக்கிட்டேதான் இருக்கும். யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

மூன்று வருஷம். எத்தனை ஹோல்டு! எத்தனை சண்டை! போன புதன் போட்ட 'மோசம் போயிட்டோம்' உள்பட. அவளுக்குக் காது சுட்டது.

"அப்போ... எப்போலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நல்லா வேலை பார்க்கிறவங்களைக் காட்டிக் கொடுத்து நான் என்ன பண்ண? மார்க்ல என்னைக்காவது முதல் இடத்தை விட்டுக் கீழ வந்திருக்கீங்களா?" அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கும் கால் ஆடிக்கொண்டிருந்தது. "இப்போ எனக்கு ஒரு உதவி வேணும். நான் எண்பத்தஞ்சு."

"என்னது?"

"பொறந்த வருஷம். அந்தப் பட்டியல்ல இன்னைக்குக் கடைசியா நிக்கிறது நான்தான். ஒவ்வொரு ஜனவரியும் கீழேர்ந்து ஒரு வருஷம் கழண்டுடும். உள்ள இருக்கிறவங்களும் வருஷா வருஷம் அதே படிவத்துலதான் புதுப்பிக்கணும். இந்த ஜனவரியில எண்பத்துநாலு போச்சு. மூணு பேர். யாரும் அவங்களைப் போகச் சொல்லல. படிவம் அவங்களை எடுத்துக்கல, அவ்வளவுதான்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"உள்ள போய் உங்க வயசைச் சொல்லுங்க. அந்தப் பெரிய தலை உக்காந்திருக்கும்போதே. நான் சொன்னா 'தனக்கு வயசாகுது, புலம்புறா'ன்னு போயிடுவாங்க. உங்க மார்க் சொன்னா வாயை அடைக்க முடியாது."

"ஏம்மா, உன் வேலைக்கு என் வேலையைப் பலி கொடுக்கச் சொல்றியா?"

"ஆமா" என்றாள் அந்தப் பெண்.

அந்த நேர்மைதான் கொஞ்சம் இடித்தது. பயமுறுத்தினால் எதிர்த்திருக்கலாம். பதிவைக் காட்டி மிரட்டினால் திட்டியிருக்கலாம். இது இரண்டும் இல்லை.

"முடியாது" என்றாள் அவள். "எனக்கு இதை விட்டா வேற கிடையாது. என் பொண்ணு கையெழுத்துப் போடட்டும். நாங்க போயிடறோம்."

அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள்.

*

கையெழுத்து வரை போகவே இல்லை.

ஃப்ரிட்ஜ் கம்பெனிப் பெரிய தலை, உண்மையிலேயே தலை பெரியதுதான், நாற்காலியை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "கஸ்டமர் எல்லாம் 'அந்தத் தேனு பொண்ணுக்கே கனெக்ஷன் கொடு'ன்னு கேக்கிறாங்களாமே. ஒரு கால் எடும்மா. நானும் கேக்கிறேன்."

"சார், எனக்குத் தொண்டை..."

"பரவால்ல தேனு!" ராக்கெட் ஒலிபெருக்கியைத் திருகினான். "ஜமாய்!"

கூடம் முழுக்க ஒரு வயதான பெண்ணின் குரல் பரவியது. கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வரவேற்பறைக்கும் வந்தது.

"ஃப்ரிட்ஜு திடீர்னு நின்னுடுச்சும்மா. உள்ள அவருக்குப் போடற இன்சுலின் இருக்கு. நான் என்ன செய்ய?"

மகள் திரையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். "பிளக்... பிளக் போட்டிருக்கா பாருங்க."

"போட்டுத்தாம்மா இருக்கு!"

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"அதா இப்போ முக்கியம்? இன்சுலின் கெட்டுடுமாம்மா?"

மகள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ராக்கெட்டின் சிரிப்பு ஓரத்தில் காயத் தொடங்கியது. மகளின் கண்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தேடின.

சோபாவிலிருந்து எழுந்ததை அவளே உணரவில்லை. கதவு திறந்தது, முட்டி முனகியது, நடு மேசை வந்துவிட்டது. மகளின் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, கதவைத் திறக்காதீங்க. திறக்காம இருந்தா நாலு மணி நேரம் குளிர் தாங்கும். மருந்துக்கு எதுவும் ஆகாது. இப்ப சொல்லுங்க, நிக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"டிக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் அமைதி."

"பிளக்கை எடுத்துட்டுப் பத்து நிமிஷம் விடுங்க. பக்கத்து வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கா? இருந்தா கதவை ஒரே ஒரு தடவை திறந்து, மருந்தை மட்டும் எடுத்துட்டுப் போய் அங்க வைங்க. நான் இன்னைக்கே ஆள் அனுப்புறேன்."

மறுமுனையில் மூச்சு இறங்கிற்று. "தேனுதானேம்மா நீ? முதல்ல வேற யாரோ மாதிரி இருந்துச்சு."

"நான்தாம்மா" என்றாள் அவள்.

லைன் துண்டானது. பலகையில் சிவப்பு எண் பதினொன்றாகியிருந்தது.

ராக்கெட் மகளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கணக்கு அவன் முகத்தில் கூடிக் கழிந்து விடைக்கு வந்தது. அவனுடைய 'நீ', 'தேனு' எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின.

"ஆன்ட்டி... மூணு வருஷமா நீங்களா?"

"நான்தான் தம்பி. ஐம்பத்தேழு முடியப்போகுது."

அவன் பெரிய தலையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தான். "எங்களுக்கு வயசு ஒரு விஷயமே இல்ல ஆன்ட்டி. சத்தியமா. ஆனா பொய் சொல்லிச் சேர்ந்தது பெரிய தப்பு. அதுக்காகத்தான் உங்களை எடுக்க..."

"தப்புதான். ஒத்துக்கிறேன்." அவள் குரல் நடுங்கவில்லை. கைகள்தான் ஹெட்செட் வயரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தன. "வயசு விஷயமே இல்லைன்னீங்களே. இப்போ உண்மையைச் சொல்லிச் சேர்றேன். படிவத்தை நீங்களே திறங்க. உங்க கையாலேயே நிரப்புங்க."

பெரிய தலை தலையாட்டியது. "நியாயம்தானே? நிரப்புப்பா."

ராக்கெட்டின் கம்ப்யூட்டர் வெள்ளைத் திரையோடு இணைந்திருந்தது. படிவம் சுவர் அளவுக்கு விரிந்தது. பிறந்த வருஷம். அவன் இழுத்தான். தொண்ணூறு. எண்பத்தெட்டு. எண்பத்தைந்து. நின்றது. மறுபடி இழுத்தான். பட்டியல் அசையவில்லை. மூன்றாவது முறை இழுக்கும்போது அவன் காது சிவந்திருந்தது.

"சிஸ்டம் கொஞ்சம்..."

"சிஸ்டம் சரியாத்தான் இருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். குவாலிட்டிப் பெண். "கடைசியா நிக்கிற எண்பத்தஞ்சு நான்தான். எனக்குக் கீழ இருந்த மூணு பேரும் இப்ப இங்க இல்ல. சேர்ந்ததுலேர்ந்து மார்க்ல முதல் இடத்துல இருக்கிறவங்க, அந்தப் பட்டியல்ல என்னைக்குமே இல்ல."

பெரிய தலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். "நான் எழுபத்தொண்ணு. என்னையும் காணோமே!" என்று சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் பாதியில் நிறுத்தினார். பலகையைக் காட்டினார். பதினேழு. "முதல்ல அதைக் கவனிங்கப்பா. இந்தம்மா உக்காரட்டும். இவங்க இல்லேன்னா எங்க கஸ்டமருக்கு நான் பதில் சொல்ல முடியாது."

ராக்கெட் ஃபோனை எடுத்துத் தொழில்நுட்ப ஆளைக் கூப்பிட்டான். "அந்த வருஷப் பட்டியலைக் கீழ கொஞ்சம் நீட்டு... எவ்வளவுன்னா..." அவளைப் பார்த்தான். "எந்த வருஷம் ஆன்ட்டி?"

"அறுபத்தெட்டு."

"அறுபத்தெட்டு வரைக்கும்... ஆமா, அதோட நிறுத்து. இப்போதைக்கு."

சுவரில் பட்டியல் ஒரு முறை மறைந்து, நீண்டு வந்தது. அடியில், கடைசியில், அவள் வருஷம். மகள் அவள் தோளை இறுக்கினாள். குவாலிட்டிப் பெண் எங்கோ பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அவளுக்குக் கீழே இப்போது பதினேழு வருஷம் இருக்கிறது.

தன் சொந்த அடையாள அட்டை, சொந்தக் கையெழுத்து. மூன்று மாதம் பார்ப்போம் என்றான் ராக்கெட். சரி என்றாள். உட்கார்ந்தாள். ஆனால் கால் ஆடுவது நிற்கவில்லை. ஜனவரிக்கு மூன்றே மாதம்தான். ஒவ்வொரு ஜனவரியும் கீழேர்ந்து ஒன்று கழண்டுவிடும் என்றால், இனி முதலில் கழலுவது எது?

கண்ணாடிக்கு அப்பால் சோபாவில் ஃபைல்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த அழைப்பை எடுத்தாள். ஃப்ரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறதாம்.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்."

ஹோல்டு. கஸ்டமருக்குப் பாட்டு ஓடியது. அவள் மைக்கை வாய்க்கு நேராக இழுத்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, யார் கேட்கிறார்கள் என்று தெரிந்தே பேசினாள்.

"குவாலிட்டிம்மா, இது பதிவுல இருக்கட்டும். வெளிய சோபாவுல ஒருத்தர் உக்காந்திருக்கார். அவருக்கு ரெண்டு நாள்ல சொல்றதா சொல்லியிருக்காங்க. அவர் வருஷம் அறுபத்தாறு. பட்டியல் அறுபத்தெட்டோட நிக்குது. இந்தப் பதிவை எல்லாரும் இருக்கும்போது ஒரு நாள் போட்டுக் காட்டு."

ஹோல்டை எடுத்தாள்.

"சொல்லுங்க சார். எந்தப் பக்கம் ஒழுகுது?"